கடலில் 240 நாள் இருந்தும் ரிப்பன் இல்லையே, ஏன்?

கேள்வி சுருக்கமாக: அமெரிக்கக் கடற்படையில், நார்ஃபோக்கைத் தாய்த்துறைமுகமாகக் கொண்ட ஒரு டெஸ்ட்ராயரில் 26 மாதம் பணி. அதில் ஏறத்தாழ 240 நாள் கப்பல் கடலில் இருந்தது. ஆனால் பணி முடிந்து வாங்கிய டிடி 214 படிவத்தில் ஸீ சர்வீஸ் டிப்ளாய்மென்ட் ரிப்பன் (கடற்பணிப் பயணத்துக்காகச் சீருடையில் அணியும் விருதுப் பட்டை) இல்லை. ஜப்பானின் யோகோசுகாவில் வெறும் 13 மாதம் இருந்த நண்பருக்கு அது இருக்கிறது. அலுவலகத்தில் யாராவது விட்டுவிட்டார்களா, இப்போது கேட்டு வாங்க முடியுமா?

கொடுத்திருக்கும் தேதிகளை வைத்துப் பார்த்தால் யாரும் விட்டுவிடவில்லை என்றுதான் தோன்றுகிறது. இந்த ரிப்பன் கடலில் கழித்த நாட்களைக் கூட்டித் தரப்படுவதே இல்லை. பெயரில் கடல் இருப்பதால் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குழப்பம் முழுவதும் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விதி இரண்டு கணக்குகளைத் தனித்தனியாகப் பார்க்கிறது. முதல் கணக்கு, கடற்பணி என்று வகைப்படுத்தப்பட்ட ஒரு பிரிவில் 12 மாதம் இருந்திருக்க வேண்டும். இந்த 12 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டியதில்லை, விட்டுவிட்டுச் சேரலாம். ஒரு கப்பலில் 5 மாதம், அடுத்த கப்பலில் 7 மாதம் என்றாலும் சரி. கப்பல் கடலில் இருந்ததா, துறையில் கட்டிக் கிடந்ததா, பழுதுபார்க்க உலர்துறையில் ஏறியிருந்ததா என்று இந்தக் கணக்கு கேட்பதில்லை. உங்கள் பணிநியமனம் எங்கே என்பதுதான் கேள்வி.

இரண்டாவது கணக்கு, அந்த 12 மாதத்துக்குள் குறைந்தது ஒரு பணிப்பயணம் (டிப்ளாய்மென்ட்) 90 நாள் தொடர்ச்சியாக நடந்திருக்க வேண்டும். இங்கே கூட்டல் கிடையாது. 40, 30, 25 என்று மூன்று பயணம் போனால் 95 நாள் ஆகிறது. ஆனால் தொடர்ச்சி இல்லை, அதனால் ஒன்றுமே இல்லை. தாய்த்துறைமுகத்துக்குத் திரும்பினால் எண்ணிக்கை மறுபடி சுழியத்திலிருந்து தொடங்கும். பயணத்தின் நடுவே வேறு நாட்டுத் துறைமுகத்தில் நான்கு நாள் நின்றால் தொடர்ச்சி அறுபடாது. எண்ணப்படுவது பணிப்பயணத்தில் இருந்த நாட்கள். கப்பல் நகர்ந்துகொண்டிருந்த நாட்கள் அல்ல.

இப்போது உங்கள் 240 நாளைப் பிரித்துப் பாருங்கள். 62 நாள் ஒரு பயணம். நீங்கள் பாதியில் போய்ச் சேர்ந்த நீண்ட பயணத்தில் 78 நாள். மீதி 100 நாள், இரண்டு வாரம் மூன்று வாரம் என்று பயிற்சிக்காகப் போய்வந்தவை. முதல் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் நிறைந்திருக்கிறது. இரண்டாவது கணக்கில் ஒன்றுகூட 90-ஐத் தொடவில்லை.

அந்த 78 நாளில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள், கொஞ்சம் நின்று பார்க்கலாம். கப்பல் ஜனவரி 10 அன்று நார்ஃபோக்கிலிருந்து கிளம்பி ஜூலை 20 அன்று திரும்பியது என்று வைத்துக்கொள்வோம், 191 நாள். கப்பலில் முதலிலிருந்து இருந்தவர்களுக்குத் தகுதி உண்டு. ஆனால் நீங்கள் கிரீஸின் கிரீட் தீவில் உள்ள சூடா விரிகுடாவுக்கு விமானத்தில் போய் மே 3 அன்று கப்பல் ஏறினீர்கள். மே 3 முதல் ஜூலை 20 வரை 78 நாள். ஏப்ரல் 20 அன்று ஏறியிருந்தால் 91 வந்திருக்கும். கணக்கு கப்பலுக்கு அல்ல, ஆளுக்கு. ‘எங்கள் கப்பல் ஆறு மாதம் போய்வந்தது’ என்பது உண்மைதான். உங்கள் பணிப்பயணம் எப்போது தொடங்கியது என்பதற்கு அது பதில் ஆகாது. இதே காரணத்தால், பயணத்தின் நடுவில் மாற்றலாகி இறங்கிப் போனவர்களுக்கும் கிடைக்காமல் போகலாம். ஒரே கப்பல், ஒரே பயணம், பக்கத்துப் படுக்கையில் தூங்கிய இருவர். ஒருவர் மார்பில் ரிப்பன், இன்னொருவர் மார்பில் இல்லை. வருத்தம் நியாயமானதே, ஆனாலும் விதி அப்படித்தான்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 12 மாதத்துக்குள் 80 நாளுக்குக் குறையாத இரண்டு பயணங்கள் போயிருந்தால், 90 இல்லாவிட்டாலும் கடற்படைத் தலைமைத் தளபதியோ மரீன் படைத் தலைமைத் தளபதியோ அனுமதிக்கலாம். தானாக வராது, அனுமதி வேண்டும். உங்கள் 78-க்கும் 62-க்கும் இந்த வழியும் திறக்காது.

யோகோசுகா நண்பரின் கதை வேறு. தாய்த்துறைமுகமே வெளிநாட்டில் இருக்கும் கப்பல்களுக்கு இரண்டாவது கணக்கு பார்க்கப்படுவதில்லை. 12 மாதக் கடற்பணி மட்டும் போதும். ஜப்பானில் யோகோசுகா, சசெபோ, ஸ்பெயினில் ரோட்டா, இத்தாலியில் கயெட்டா போன்றவை இந்த வகை. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. முன்னணியில் நிறுத்தப்பட்ட இந்தக் கப்பல்கள் அடிக்கடி கிளம்பும், குறுகிய காலத்தில் திரும்பும், மறுபடி கிளம்பும். ஆண்டு முழுக்க ஓடினாலும் 90 நாள் ஒரே மூச்சில் வெளியே இருப்பது பல நேரம் அமையாது. 90 நாள் விதியை அவர்கள் மீதும் வைத்தால், அதிகம் கடலில் இருப்பவர்களுக்கே ரிப்பன் கிடைக்காமல் போகும். ஹவாயும் அலாஸ்காவும் எவ்வளவு தொலைவில் இருந்தாலும் இந்த விஷயத்தில் உள்நாடுதான். பேர்ல் ஹார்பரில் இருந்தவருக்கு உங்களுடைய விதியே பொருந்தும்.

இந்த ரிப்பன் 1980-களின் தொடக்கத்தில் வந்தது. 1974 ஆகஸ்ட் 15 வரை முன்தேதியிட்டுப் பொருந்துமாறு செய்தார்கள். அதனால் 1970-களின் பிற்பகுதியில் பணிமுடித்துப் போன பலருடைய டிடி 214-இல் இது இருக்க வழியே இல்லை. அவர்கள் வெளியேறியபோது இப்படி ஒரு ரிப்பனே கிடையாது. உங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் பணிசெய்த பெரியவர் யாராவது இருந்தால், அவருடைய தேதிகளைக் கட்டாயம் பாருங்கள். உரிமை இருந்தும் கேட்காமலே விட்டவர்கள் பெரும்பாலும் அந்தத் தலைமுறைதான். 1974 ஆகஸ்ட் 15-க்கு முன் முடிந்த பயணங்களுக்கு, எத்தனை நீண்டவையாக இருந்தாலும், வழியில்லை.

மரீன்களைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் ‘கப்பலே ஏறாதவனுக்குக் கடல் ரிப்பனா’ என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. விதியில் கடற்பணி என்பதற்கு அருகிலேயே ஃப்ளீட் மரீன் ஃபோர்ஸ், அதாவது கடற்படையோடு சேர்ந்து இயங்கும் மரீன் படைப்பிரிவுகளின் பணியும் எழுதப்பட்டிருக்கிறது. கேம்ப் லெஜூன், கேம்ப் பெண்டில்டன் போன்ற இடங்களில் உள்ள ஒரு படைப்பிரிவு ஒகினாவாவுக்கு ஆறு மாதம் போய்வந்தால், கடல்நீரை விமான சன்னல் வழியே மட்டும் பார்த்தவருக்கும் தகுதி சேரும். ரிப்பனின் பெயரில் உள்ள மூன்று சொற்களில் கனமானது கடல் அல்ல, பணிப்பயணம் என்ற சொல்தான்.

இதோடு குழப்பிக்கொள்ளப்படும் இன்னொன்று, கடற்படை மற்றும் மரீன் படை ஓவர்சீஸ் சர்வீஸ் ரிப்பன். அது வெளிநாட்டில் கரைப்பணியில் 12 மாதம் இருந்தவர்களுக்கு. யோகோசுகா தளத்தின் மருத்துவமனையில் வேலை செய்தவருக்கு அது. அதே துறையில் நிற்கும் கப்பலில் வேலை செய்தவருக்கு இது. ஒரே காலப்பகுதியைக் காட்டி இரண்டையும் வாங்க முடியாது. ஆர்க்டிக் சர்வீஸ் ரிப்பன் தனி: ஆர்க்டிக் வட்டத்துக்கு வடக்கே 28 நாள் பணி. நீர்மூழ்கியிலோ பனி ஆய்வுப் பயணத்திலோ போனவர்கள்தான் பெரும்பாலும் வைத்திருப்பார்கள்.

மற்ற படைகள் இதே நோக்கத்துக்கு வேறு அளவுகோல் வைத்திருக்கின்றன. கடலோரக் காவல்படையின் ஸீ சர்வீஸ் ரிப்பன் 1984-இல் வந்தது. 65 அடி அல்லது அதற்கு மேல் நீளமுள்ள கட்டர் கப்பல்களில் 12 மாதம் சேர்ந்தால் போதும். 90 நாள் விதி இல்லை. ஆனால் மறுமுறை கிடைத்ததைக் காட்ட ரிப்பனில் வைக்கும் நட்சத்திரம் ஒவ்வொன்றுக்கும் மேலும் 3 ஆண்டு. பத்து ஆண்டு கட்டரில் கழித்தவருக்கு ரிப்பனும் மூன்று நட்சத்திரமும்தான். முதல் படி எளிது, பிறகு ஏற்றம் செங்குத்து. கட்டர்மேன் சின்னம் என்பது வேறு. அதை நிரந்தரமாக அணிய 5 ஆண்டுக் கடற்பணி வேண்டும். தரைப்படையிலும் கப்பல்கள் உண்டு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வர்ஜீனியாவின் ஃபோர்ட் யூஸ்டிஸில் தரையிறக்கக் கலங்களும் சரக்குக் கப்பல்களும் ஓட்டும் வீரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான ஸீ டியூட்டி ரிப்பன் 2006-இல் ஏற்படுத்தப்பட்டது. முழுநேரப் பணியாளருக்கு 2 ஆண்டு கடற்பணி. மறுமுறை கிடைக்கும்போது நட்சத்திரம் அல்ல, எண் பொறித்த உலோகத் துண்டு வைப்பார்கள்.

பிரிட்டன் இரண்டாம் உலகப்போரில் அட்லாண்டிக் ஸ்டார் பதக்கத்துக்கு வைத்த கணக்கும் கிட்டத்தட்ட இதே போன்ற இரட்டைப் பூட்டு. முதலில் 1939–45 ஸ்டார் என்ற பதக்கத்தைப் பெற ஆறு மாதம் கடலில் இருக்க வேண்டும். அந்த ஆறு மாதம் முடிந்த பிறகுதான் அட்லாண்டிக் ஸ்டாருக்கான ஆறு மாதம் எண்ணத் தொடங்கும். இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாந்த குடும்பங்கள் இன்றும் பழைய பதக்கப் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தேதிகளைச் சரிபார்க்கின்றன.

மறுபடி உங்கள் டிடி 214-க்கு வருவோம். அதில் 12-ஆம் கட்டத்தில் கடற்பணி என்று ஒரு வரி இருக்கும். உங்களுடையதில் 02 02 00 என்று இருந்தால், 2 ஆண்டு 2 மாதம் 0 நாள் என்று பொருள். பலர் இதைக் காட்டித்தான் வாதாடுகிறார்கள். ஆனால் அந்த வரி நாம் மேலே பார்த்த முதல் கணக்கைத்தான் காட்டுகிறது. தொடர்ச்சியான 90 நாள் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடற்பணிப் படி வாங்கிய மாதங்களின் எண்ணிக்கையும் அப்படித்தான். அது சம்பளக் கணக்கு, விருதுக் கணக்கு அல்ல. விருதுகள் இருப்பது 13-ஆம் கட்டத்தில். அங்கே இடம் போதாவிட்டால் 18-ஆம் கட்டமான குறிப்புகளில் தொடர்வார்கள். அதனால் ‘இல்லை’ என்று முடிவு செய்யும் முன் 18-ஐயும் படியுங்கள்.

உங்களுக்குத் தகுதி இல்லை என்று முடிக்கும் முன் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். ஒன்று, டெஸ்ட்ராயருக்கு முன்போ பின்போ தற்காலிகப் பணியாக வேறு பிரிவோடு போனீர்களா? விமானப் பிரிவு, ஊழியர் குழு, வேறு கப்பல் எதுவானாலும் சரி. அந்தப் பயணம் டெஸ்ட்ராயரின் ஆவணத்தில் இருக்காது. இரண்டு, அந்த 78 நாள் உண்மையிலேயே கப்பல் ஏறிய நாளிலிருந்து எண்ணியதா? நீங்கள் வெளியே எந்த நாளில் கிளம்பினீர்கள், எந்தப் பிரிவின் ஆணையின் கீழ் காத்திருந்தீர்கள் என்பதைப் பயண ஆணை காட்டும். 12 நாள் வித்தியாசம் அங்கே ஒளிந்திருக்க வாய்ப்பு குறைவு, ஆனால் பார்க்காமல் விடக்கூடாது.

தகுதி இருந்து பதிவில் மட்டும் இல்லாதவர்கள் செய்ய வேண்டியது வேறு. இது நிறையவே நடக்கிறது. பயணம் முடிந்து கப்பல் கரைக்கு வரும், அடுத்த வாரமே ஒருவர் மாற்றலாகிப் போவார். ரிப்பனைப் பதிவு செய்ய வேண்டிய எழுத்தர் புதிய இடத்தில் செய்வார்கள் என்று விடுவார், புதிய இடத்தில் பழையவர்கள் செய்திருப்பார்கள் என்று விடுவார்கள். இந்த ரிப்பனுக்குப் பாராட்டுரையும் விழாவும் கிடையாது, ஒரு பதிவுதான். பதிவு விட்டுப்போனால் யாருக்கும் தெரியாது.

முதலில் முழுப் பணிக்கோப்பை வாங்குங்கள். மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸில் உள்ள தேசியப் பணியாளர் ஆவண மையத்துக்கு எஸ்எஃப் 180 படிவத்தில் விண்ணப்பிக்க வேண்டும். இணையம் வழியாகவும் கேட்கலாம். டிடி 214 மட்டும் வேண்டும் என்று குறிக்காமல் முழுக் கோப்பையும் கேளுங்கள், இது முக்கியம். கையெழுத்தில்லாத படிவம் திரும்பிவிடும். பணிசெய்தவர் இறந்துவிட்டால் மறுமணம் செய்யாத துணைவர், பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் கேட்கலாம். 1973 ஜூலையில் அந்த மையத்தில் ஏற்பட்ட தீவிபத்தில் ஆவணங்கள் எரிந்துவிட்டன என்று சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அதில் அழிந்தவை தரைப்படை, விமானப்படைக் கோப்புகள். கடற்படைக் கோப்புகள் தப்பின.

கோப்பு வந்ததும் மூன்று தாள்களைத் தேடுங்கள். பணியிட வரலாற்றுத் தாளான 1070/605 எந்தத் தேதியில் எந்தக் கப்பலில் சேர்ந்தீர்கள், எப்போது விலகினீர்கள் என்று காட்டும். முதல் கணக்கு அங்கே. விருதுகள் எழுதப்படும் 1070/604 தாளில் ரிப்பன் ஏற்கெனவே இருந்து, டிடி 214 தட்டச்சு செய்தவர் மட்டும் விட்டிருக்கலாம். அப்படியானால் வேலை மிக எளிது. நிர்வாகக் குறிப்புகளான 1070/613-இல் பணிப்பயணத் தேதிகள் சில நேரம் எழுதப்பட்டிருக்கும். ஆண்டு மதிப்பீட்டு அறிக்கைகளையும் தள்ளாதீர்கள். ‘மத்தியதரைக் கடலில் ஆறு மாதப் பணிப்பயணத்தின்போது’ என்று ஒரு வரி அதில் கிடைத்தால், அதுவும் அதிகாரபூர்வச் சான்றுதான்.

கப்பலின் புறப்பாடும் வருகையும் டெக் லாக் எனப்படும் தளநாட்குறிப்பில் இருக்கும். 30 ஆண்டு கடந்தவை பொதுவாக தேசிய ஆவணக் காப்பகத்துக்குப் போகும். அதில் கப்பல் எங்கே இருந்தது என்பது தெரியும். சாதாரண மாலுமி கப்பலில் இருந்தாரா என்பது தெரியாது. ஆகவே நாட்குறிப்பை மட்டும் அனுப்பினால் பாதிச் சான்று. பணியிட வரலாற்றுத் தாளோடு சேர்த்தே அனுப்ப வேண்டும். பயண நினைவு மலரில் உங்கள் படம் இருந்தால் துணைச்சான்றாக வைக்கலாம், அதையே முதன்மையாக வைக்க வேண்டாம்.

டென்னசியின் மில்லிங்டனில் உள்ள கடற்படைப் பணியாளர் தலைமையகம் ஏற்றுக்கொண்டால், புது டிடி 214 தரமாட்டார்கள். டிடி 215 என்ற திருத்தத் தாள் வரும். இரண்டையும் சேர்த்தே பாதுகாக்க வேண்டும். மறுத்தால் டிடி 149 படிவத்தில் கடற்படை ஆவணத் திருத்த வாரியத்துக்குப் போகலாம். பிழை தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டு கெடு. நியாயமான காரணம் இருந்தால் வாரியம் அதைத் தளர்த்தலாம். விண்ணப்பக் கடிதத்தில் ‘பல மாதம் கடலில் இருந்தேன்’ என்று எழுதாதீர்கள். கப்பலின் பெயர், தாய்த்துறைமுகம், சேர்ந்த தேதி, புறப்பட்ட தேதி, திரும்பிய தேதி, நாட்களின் எண்ணிக்கை, எந்தத் தாளில் எந்தப் பக்கம்: இவை ஒரே பத்தியில் இருந்தால் போதும். படிப்பவர் கணக்கைத் தானே போட்டுப் பார்க்கும்படி இருக்க வேண்டும்.

அணிவது பற்றியும் கேட்டிருந்தீர்கள், நண்பருடையதில் வெள்ளி நட்சத்திரம் ஏன் இல்லை என்று. முதல் முறை கிடைத்தால் வெறும் ரிப்பன். இரண்டாம் முறைக்கு ஒரு வெண்கல நட்சத்திரம். ஆக, நட்சத்திரத்தின் எண்ணிக்கை எப்போதும் விருதின் எண்ணிக்கையைவிட ஒன்று குறைவு. ஐந்து வெண்கலத்துக்குப் பதில் ஒரு வெள்ளி; எனவே ஆறாவது முறையில்தான் வெள்ளி வரும். ஏழாவதில் வெள்ளி நடுவில், வெண்கலம் அணிபவரின் வலப்பக்கம். நட்சத்திரத்தின் ஒரு முனை மேல்நோக்கி நிற்க வேண்டும். அளவு 3/16 அங்குலம். கடையில் 5/16 அங்குலத்தைக் கொடுத்துவிட்டால் திருப்பிக் கொடுங்கள். அது தனிநபர் வீரவிருதுகளுக்கும் பாராட்டு விருதுகளுக்கும் உரியது.

ரிப்பன் 1 3/8 அங்குல அகலம், 3/8 அங்குல உயரம். வரிசைக்கு மூன்று, இடது மார்புப் பைக்கு 1/4 அங்குலம் மேலே. முன்னுரிமையில் இது சிறந்த தன்னார்வப் பணிப் பதக்கத்துக்குப் பின்னும் ஆர்க்டிக் சர்வீஸ் ரிப்பனுக்கு முன்னும் வரும். இதற்குப் பதக்கம் என்ற வடிவமே இல்லை, ரிப்பன் மட்டுமே. அதனால் பெரிய பதக்கங்கள் அணியும் முழுச்சீருடையில் இது வலது மார்புக்கு மாறும். சிறுபதக்கங்கள் அணியும் விருந்துச் சீருடையில் அணியவே மாட்டார்கள். இறந்தவரின் நினைவாகச் சட்டகத்தில் வைப்பவர்கள் இதற்கும் ஒரு பதக்கம் இருக்கும் என்று தேடி அலைவதுண்டு. அப்படி ஒன்றை யாராவது விற்றால் அது அரசு வெளியிட்டது அல்ல.